மறு: அளவுத்திருத்தமா, அளவொப்பீடா?

> ‘calibration’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதிகளில் ‘அளவுத்திருத்தம்’ இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

ஐயா, அந்தச் சொல்லில் உள்ள ‘திருத்தம்’தான் சிக்கல். பன்னாட்டு அளவியல் சொற்றொகுதியின் 2012 பதிப்பு மூன்று செயல்களைத் தெளிவாகப் பிரிக்கிறது. அளவு தெரிந்த நியமத்தை (ஒப்பிடுவதற்கான மாதிரிப் பொருளை) கருவியில் வைத்து, அது காட்டும் எண்ணுக்கும் நியமத்தின் மதிப்புக்கும் உள்ள உறவை நிறுவுவது ஒன்று. கருவியைத் திருகிச் சீராக்குவது இன்னொன்று. விடையோடு கூட்டவோ கழிக்கவோ வேண்டிய மதிப்பு மூன்றாவது. ‘திருத்தம்’ இந்த மூன்றாவதற்கே பொருந்தும்.

நிறமாலை ஒளிமானியை, அதாவது ஒரு கரைசல் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று அளக்கும் கருவியை, எடுத்துக்கொள்வோம். விளக்கை ஏற்றி அரை மணி நேரம் நிலைப்பட விடுகிறோம். 10% பெர்குளோரிக் அமிலத்தில் கரைத்த 4% ஹோல்மியம் ஆக்சைடு கரைசலை வைத்து வருடுகிறோம். ஒளி மிகுதியாக விழுங்கப்படும் முகடுகள் 241.15, 287.15, 361.5, 536.3 நானோமீட்டரில் வரவேண்டும். 361.5-இல் வரவேண்டியது 362.1-இல் வந்தால் பிழை +0.6, திருத்தம் −0.6. இதுவரை கருவியை யாரும் தொடவில்லை, ஆனால் நாம் பெயர் தேடும் வேலை முடிந்துவிட்டது. அதை ‘அளவொப்பீடு’ என்கிறேன். (முகட்டின் இடம் கருவியில் ஒளி நுழையும் பிளவின் அகலத்தையும், அதனால் அமையும் அலைநீளப் பட்டையின் அகலத்தையும் பொறுத்துச் சற்றே நகரும். நியமத்தின் சான்றிதழில் நம் கருவியின் பட்டை அகலத்துக்குரிய வரிசையைத்தான் பார்க்கவேண்டும்.)

பொற்கொல்லரின் கட்டளைக்கல்லும் இப்படித்தான். மாற்று (பொன்னின் தூய்மை) தெரிந்த உரையாணியின் கோட்டோடு நகையின் கோட்டை ஒப்பிட்டு மாற்றைச் சொல்லும், பொன்னை மாற்றாது.

---

> அளவொப்பீடு

கருத்து சரி, ஆனால் நடைமுறையைப் பாருங்கள். அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் மானியில், பிஎச் 4.01, 7.00, 10.01 என்று தெரிந்த தாங்கற்கரைசல்களை வைத்துப் பொத்தானை அழுத்தினால் கருவி தன் சாய்வையும் விலக்கத்தையும் தானே மாற்றிக்கொள்கிறது. அங்கே நடப்பது திருத்தம்தானே? ‘அளவுகோடிடல்’ என்ற சொல்லும் புழக்கத்தில் உண்டு. அதை ஏன் விடவேண்டும்?

---

பிஎச் மானியில் ஒப்பீடும் சீராக்கலும் ஒரே அழுத்தலில் நடக்கின்றன. அந்தப் பொத்தானுக்கு ‘ஒப்பிட்டுச் சீராக்கு’ என்று எழுதினால் உண்மை மறையாது. அளவுகோடிடல் அளவுசாடியில் மில்லிலிட்டர்க் கோடுகள் பொறிப்பதற்கு அழகான சொல். அதை அங்கேயே வைத்துக்கொள்வோம்.

சொல் குழம்பினால் பதிவேடும் குழம்பும், என் கவலை அதுதான். ‘அளவுத்திருத்தம் செய்யப்பட்டது’ என்று ஒரு வரி மட்டும் இருந்தால் கருவியை ஒப்பிட்டார்களா, திருகினார்களா என்று தெரியாது. சீராக்குமுன் கிடைத்த எண்களைக் குறிக்காவிட்டால் போன மாதம் கொடுத்த முடிவுகளை நம்பலாமா என்று சொல்லவே முடியாது. சீராக்கியபின் மறுபடியும் அளவொப்பீடு செய்தாக வேண்டும். பதிவேட்டில் முன்னளவு, பின்னளவு என்று இரண்டு நெடுவரிசை போதும்.

எல்லாக் குறையையும் சீராக்கவும் முடியாது. 1.2% பொட்டாசியம் குளோரைடு கரைசலை 1 செ.மீ. குவார்ட்ஸ் கலத்தில் ஊற்றி, நீரை ஒப்புநீர்மமாக வைத்து, 200 நானோமீட்டரில் பாருங்கள். உட்கவர்திறன் (ஒளியை விழுங்கும் அளவு) 2-ஐத் தாண்டவேண்டும். தாண்டாவிட்டால் சிதறொளி, அதாவது வேண்டாத அலைநீள ஒளி, உள்ளே வருகிறது. அதனால் அடர்ந்த கரைசல்கள் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், செறிவுக்கு எதிரே வரையும் நேர்கோடு மேல்முனையில் கவிழும். எந்தத் திருகாலும் இது சரியாகாது. டியூட்டீரியம் விளக்கையோ மங்கிய ஆடியையோ மாற்றவேண்டும்.

உட்கவர்திறனை அளவொப்பிட நியமம் பொட்டாசியம் டைகுரோமேட். 130° செல்சியசில் எடை மாறாதவரை உலர்த்தி, 60 மி.கி. நிறுத்து, 0.005 மோலார் கந்தக அமிலத்தில் கரைத்து 1 லிட்டராக்கினால், 235 நானோமீட்டரில் 0.737-க்கும் 0.757-க்கும் இடையில் வரவேண்டும். வெறும் நீரில் கரைத்தால் ஒரு பங்கு குரோமேட்டாக மாறி எண் பிசகும். கண்ணாடிக் கலமும் ஆகாது, 235-இல் அதுவே ஒளியை விழுங்கும்.

---

ஏற்கிறேன். வினையாகவும் பெயரெச்சமாகவும் சொல்லிப் பார்த்தேன்: அளவொப்பிடு, அளவொப்பிட்ட துளிக்குழாய், அளவொப்பீட்டுச் சான்றிதழ், அளவொப்பீட்டு வளைகோடு. நாவில் இடறவில்லை. ‘அளவொப்பு’ என்று குறுக்கவேண்டாம், ஒப்புதல், ஒப்பம் என்ற பக்கம் இழுக்கும்.

ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். ‘அடிக்கோட்டுத் திருத்தம்’ அப்படியே இருக்கட்டும். கரைப்பானை மட்டும் வைத்து எடுத்த நிறமாலையைக் கருவி அங்கே உண்மையிலேயே கழிக்கிறது.