எஸ்டீமில் டர்போ: 60,000 ரூபாய்க்குள் எந்த ஈசியு?

செட்டிபாளையம்_எஸ்டீம்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2003ஆம் ஆண்டு மாருதி எஸ்டீம் உள்ளது. 1298 சிசி, பதினாறு வால்வு, எம்பிஎஃப்ஐ இன்ஜின். அலுவலகத்துக்கு வேறு வண்டி இருப்பதால், இதை விடுமுறை நாட்களிலும் கோவையில் எங்கள் பக்கத்துப் பந்தயத் தடமான கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வாய்ப்புக் கிடைக்கும்போதும் மட்டுமே ஓட்டுகிறேன். சிறிய டர்போ ஒன்றைப் பொருத்தும் வேலை பாதி முடிந்துவிட்டது. மேனிஃபோல்டு வெல்டிங்கும் இன்டர்கூலர் குழாய்களும் ஆகிவிட்டன. பூஸ்ட், அதாவது டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தம், 0.4 பாருக்கு மேல் போகும் எண்ணமில்லை. 85 குதிரைத்திறன் 120ஐத் தொட்டாலே எனக்குப் போதும்.

எலக்ட்ரானிக்ஸுக்கு என்று மீதமிருப்பது 60,000 ரூபாய். கம்பெனி ஈசியுவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை) அப்படியே விட்டுவிட்டு, அதன் சிக்னல்களை இடையில் மாற்றும் பிக்கிபேக் ஒன்றைச் சேர்த்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்கிறார் விற்பவர். ஸ்பீடுயினோ என்ற மலிவான ஈசியு பலகையை வாங்கி நாமே கட்டலாம் என்கிறார் நண்பர். அது பொம்மை, நம்பாதே என்கிறார் மெக்கானிக். கம்பெனி ஈசியுவுக்குப் பதிலாகத் தனித்து இயங்கும் பெயர்பெற்ற ஸ்டாண்ட்அலோன் ஈசியு ஒன்று பழையதாக விலைக்கு வருகிறது; ஆனால் அதை வாங்கினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அனுபவப்பட்டவர்கள் வழி சொன்னால் நன்றாக இருக்கும்.

லேத்பட்டறை:

முதலில் பிக்கிபேக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சூடுபட்டது அதில்தான். உங்கள் கம்பெனி ஈசியு, மேனிஃபோல்டு அழுத்த சென்சார் சொல்வதை வைத்துத்தான் பெட்ரோலின் அளவையும் ஸ்பார்க்கின் நேரத்தையும் சேர்த்தே கணக்கிடுகிறது. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைப் பெரிதாகப் போட்டதும் பெட்ரோல் அதிகமாகிவிடுமே என்று, பிக்கிபேக் அந்த சிக்னலை நடுவில் மறித்து, இருப்பதைவிடக் குறைந்த அழுத்தத்தைக் காட்டும். பெட்ரோல் சரியாகிவிடும், ஆனால் இன்ஜின் மீது சுமை குறைவு என்று நம்பிய ஈசியு, ஸ்பார்க்கை முன்னதாகவே கொடுத்துவிடும். டர்போ அழுத்தும் நேரத்தில் ஸ்பார்க் பின்தள்ளப்பட வேண்டும். இங்கே நடப்பதோ நேர்மாறு. என் பழைய வண்டிக்கு ஒரு பட்டறையில் இப்படித்தான் அமைத்துக் கொடுத்தார்கள். நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) சத்தத்தை எக்ஸாஸ்ட் சத்தம் மறைத்துவிட்டது. மூன்றாம் மாதம் ஹெட்டைக் கழற்றியபோது பிஸ்டனின் விளிம்பு கரைந்திருந்தது.

அதோடு, டர்போ இல்லாத காருக்கென்று செய்த அழுத்த சென்சார், வெளிக்காற்றின் அழுத்தமான 100 கிலோபாஸ்கலுக்கு மேல் உருப்படியாக எதையும் சொல்லாது. 0.4 பார் பூஸ்ட் என்பது ஏறத்தாழ 140 கிலோபாஸ்கல். அந்தப் பகுதியில் கம்பெனி ஈசியுவிடம் கணக்கே கிடையாது.

ஸ்பீடுயினோ பொம்மை அல்ல. மாணவர்கள் பயன்படுத்தும் அர்டுயினோ மெகா என்ற சிறு கணினிப் பலகையில் ஓடுவதால் பொம்மை என்ற பெயர் வந்திருக்கலாம். 16 மெகாஹெர்ட்ஸ், 8 பிட் என்று கேட்டால் சிரிப்பு வரும்தான். ஆனால் நான்கு சிலிண்டருக்கு நான்கு இன்ஜெக்டர் சேனலும் நான்கு இக்னிஷன் சேனலும் அதில் உண்டு, உங்கள் இன்ஜினுக்கு அது தாராளம். இன்னும் வேகமான 32 பிட் சிப் வேண்டுமென்றால் ரஸ்இஎஃப்ஐ என்ற ஈசியு இருக்கிறது. இரண்டையும் டியூனர்ஸ்டுடியோ மென்பொருளில்தான் டியூன் செய்கிறோம்; ஆகவே ஒன்றில் கற்றது மற்றதற்கும் உதவும்.

ஆனால் பலகையின் விலையைப் பார்த்து மகிழ வேண்டாம். செலவு வைப்பது அதைச் சுற்றியுள்ளவைதான். எக்ஸாஸ்டை வைத்துக் காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சாரை முதலில் வாங்குங்கள். பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சாரும் அதற்கான கன்ட்ரோலரும் உங்கள் பட்ஜெட்டில் கணிசமான பங்கைத் தின்னும், தின்னட்டும். கம்பெனி கொடுத்த நேரோபேண்ட் சென்சாருக்குக் கலவை கூடுதலா குறைவா என்பது மட்டுமே தெரியும், எவ்வளவு என்பது தெரியாது. அதை வைத்துக்கொண்டு டர்போ வண்டியை டியூன் செய்வது இருட்டில் ஊசிக்கு நூல் கோப்பது போன்றது.

இன்ஜெக்டர் கணக்கு எளிது. டர்போ இன்ஜினில் ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 6.3 சிசி பெட்ரோல் என்று வையுங்கள். 120 குதிரைத்திறனுக்கு 756 சிசி. நான்கால் வகுத்தால் 189. இன்ஜெக்டர் 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதால் 236 சிசி. வாங்கும்போது மல்டிமீட்டரால் ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். 12 முதல் 16 ஓம் வரை இருந்தால் நேரடியாக இணைக்கலாம், 2, 3 ஓம் காட்டினால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்ஜின் எந்தச் சுழற்சி நிலையில் இருக்கிறது என்று ஈசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சிக்னலுக்குப் புல்லியில் 36 பல்லில் ஒன்றை நீக்கிய சக்கரம் பொருத்துவது நல்லது. கோவையில் இருந்துகொண்டு இதை இணையத்தில் தேட வேண்டியதில்லை. வரைபடத்தைக் கொடுத்தால் ஒரு நல்ல லேத்தில் வெட்டித் தருவார்கள்.

பழைய_இரும்பு:

மேலே எழுதியவரோடு எனக்கு ஓரளவு மாறுபாடு உண்டு. டர்போ இல்லாமல், கேம் ஷாஃப்ட்டும் ஏர் ஃபில்டரும் மட்டும் மாற்றியவருக்கு பிக்கிபேக் நியாயமான தேர்வுதான். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்வது, ஏசி போட்டதும் ஐடிலை ஏற்றுவது போன்றவற்றைக் கம்பெனி ஈசியு அலுங்காமல் பார்த்துக்கொள்ளும். ஸ்டாண்ட்அலோனில் முழு த்ராட்டில் ஒரு வாரத்தில் படிந்துவிடும், காலை ஆறு மணி ஸ்டார்ட்டிங் படிய இரண்டு மாதம் ஆகும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டர்போ என்பதால் இவருக்கு ஸ்டாண்ட்அலோனே சரி. கம்பெனி ஈசியுவைக் கழற்றாமல் ஏசிக்கு மட்டும் விட்டுவைத்து, பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் புதியதிடம் ஒப்படைக்கலாம் என்பது என் யோசனை.

பழைய ஸ்டாண்ட்அலோனைப் பற்றி ஒன்று: உங்களுக்கு டியூன் செய்யப்போகிறவருக்குப் பழக்கமானது எது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அவருக்குத் தெரியாத உயர்ந்த ஈசியுவைவிட, தெரிந்த சாதாரண ஈசியுவே இன்ஜினைக் காப்பாற்றும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் ஒருமுறை படித்துவிடுங்கள். ஆர்சியில் உள்ள விவரங்களிலிருந்து விலகும் மாற்றங்களோடு சாலையில் ஓட்டினால் சிக்கல் வரும்; டிரக்கில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுபோவது வேறு கதை.

லாம்டா:

236 சிசி கணக்கு பழைய பெட்ரோலுக்குச் சரி. இப்போது பங்க்கில் ஊற்றுவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். தூய பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். இருபது சதவீதம் கலந்ததற்கு அது ஏறத்தாழ 13.5 ஆக இறங்குகிறது. அதாவது அதே காற்றுக்கு ஏழெட்டு சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். ஆகவே 255 சிசிக்குக் குறையாமல், முடிந்தால் 300 சிசி அளவில் பாருங்கள். 2003ஆம் ஆண்டு வண்டியின் பெட்ரோல் ஹோஸ்களையும் இந்தச் சாக்கில் மாற்றிவிடுவது நல்லது.

இன்னொரு குழப்பமும் இதிலிருந்துதான் வருகிறது. வைட்பேண்ட் மீட்டர் அளப்பது உண்மையில் லாம்டாவை (முழுதாக எரியத் தேவையான காற்றோடு ஒப்பிட்டால் இருக்கும் காற்று எத்தனை மடங்கு என்பதை), அதை 14.7ஆல் பெருக்கித்தான் திரையில் காட்டுகிறது. எந்த எரிபொருளாக இருந்தாலும் சரியான கலவைக்கு அது 14.7 என்றே காட்டும். எனவே மீட்டரையும் டியூனர்ஸ்டுடியோவையும் லாம்டாவுக்கு மாற்றிவிட்டு, பூஸ்டில் 0.80 சுற்றுவட்டாரத்தில் தொடங்குங்கள். சென்சாரை எக்ஸாஸ்டில் மாட்டிவிட்டு மின்சாரம் கொடுக்காமல் வண்டியை ஓட்டாதீர்கள், சீக்கிரம் போய்விடும்.

செட்டிபாளையம்_எஸ்டீம்:

மூவருக்கும் நன்றி. ஸ்பீடுயினோ என்று முடிவு செய்துவிட்டேன்; வைட்பேண்டுக்கு இன்றே சொல்லியாயிற்று. கூட்டிப் பார்த்ததில், டைனோவில் (வண்டியை நிறுத்திவைத்தே ஓட்டித் திறனை அளக்கும் கருவியில்) அரை நாள் செலவிடும் அளவுக்குப் பணம் மிஞ்சும் போலிருக்கிறது. இரண்டு சந்தேகங்கள். பழைய இக்னிஷன் காயில்களை நேரடியாக இணைக்கலாமா? நாக்கிங்கைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வாங்க வேண்டுமா?

லேத்பட்டறை:

காயிலுக்குள் இக்னைட்டர் (காயிலுக்கான மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்க்காமல் இணைக்கவே கூடாது. ஸ்பீடுயினோ வெறும் சிக்னலை மட்டும்தான் தரும்; இக்னைட்டர் இல்லாத காயிலை நேரடியாக மாட்டினால் பலகை புகைந்துவிடும். உள்ளே இல்லையென்றால் இக்னைட்டர் மாட்யூல் ஒன்றைத் தனியே வாங்குங்கள்.

நாக்கிங்குக்கு, ஒரு செப்புக் குழாயின் நுனியைத் தட்டையாக்கித் துளையிட்டு இன்ஜின் பிளாக்கில் போல்ட் செய்து, மறுமுனையில் ரப்பர் ஹோஸைச் செருகி, காதுமூடிக்குள் கொண்டுவந்துவிடுங்கள். டைனோவில் பக்கத்தில் நின்று கேட்டால், டப்பாவில் கூழாங்கல் குலுங்குவதுபோல் தனியாகக் கேட்கும். கேட்டால் உடனே காலை எடுக்கச் சொல்லுங்கள்.

வயரிங்கில் சென்சார்களின் எர்த் எல்லாம் ஈசியுவுக்கே திரும்பி வரட்டும். ஈசியுவின் எர்த் வயர்கள் அனைத்தும் இன்ஜின் பிளாக்கில் ஒரே இடத்தில் சேரட்டும். முதல் ஸ்டார்ட்டில் மென்பொருளில் ஸ்பார்க்கை 10 டிகிரியில் நிலைநிறுத்திவிட்டு, டைமிங் லைட்டைப் புல்லியில் அடித்துப் பாருங்கள். திரையில் 10 என்றும் புல்லியில் 18 என்றும் இருந்தால், மற்ற எல்லா எண்களும் பொய். ஆர்பிஎம் ஏற்றும்போது குறி நகர்ந்தாலும் அங்கேயே நிறுத்தி, கிராங்க் சென்சாரின் இடைவெளியையும் வயரையும் சரிபார்த்துவிட்டு மேலே போங்கள்.