வீட்டில் 7.2 கிலோவாட் சார்ஜர் போடலாமா?

மதுரையில் பழைய தனி வீடு. சிங்கிள் ஃபேஸ், மின்வாரியம் அனுமதித்த மின்பளு 3 கிலோவாட். போன மாதம் டாடா டியாகோ ஈவி மின்சாரக் கார் வாங்கினோம், 24 கிலோவாட்-மணி (kWh) பேட்டரி. 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் கை வைக்க முடியாத சூடு. கூடவே ஏசி ஓடினால் மெயின் எம்சிபி (பளு கூடினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துவிடும்.

சாக்கெட்டை மாற்றினோம், எர்த் பார்த்தோம். அப்புறம் மீட்டரிலிருந்து 4 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் தனி லைன் இழுத்தோம். சூடு போய்விட்டது, எம்சிபி விழுவது மட்டும் நிற்கவில்லை.

தினசரி ஓட்டத்துக்கு இரவு சார்ஜே போதும்தான். ஆனால் அப்பாவுக்குத் திடீரென்று மூச்சுத்திணறல் வரும். எந்நேரமும் வண்டி கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். 7.2 சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும், த்ரீ ஃபேஸ் வாங்குங்கள் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

த்ரீ ஃபேஸுக்கு மாறி 7.2 போடுவதா, மின்பளுவை மட்டும் கூட்டி 15 ஆம்பியரிலேயே தொடர்வதா?