சல்லடைத் தகட்டில் வந்த விரிசல்: கஞ்சிக்கோட்டு அனுபவம்

சல்லடையின் பக்கத்தகட்டில் விரிசல் என்று போன் வந்தால், கிரஷர் முதலாளிகள் சொல்லும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "உயர்ரக இரும்பில் செய்து கொடுங்கள்." காசுக்குப் பிடித்த கேடு. வெல்ட் இணைப்பின் களைப்பு வலிமை, அதாவது திரும்பத் திரும்ப வரும் பாரத்தைத் தாங்கும் திறன், இரும்பின் ரகத்தோடு சேர்ந்து ஏறுவதில்லை. விரிசல் பெரும்பாலும் பிறப்பது வெல்டின் விளிம்பில், அது தகட்டோடு சேரும் கோட்டில்.

வாளையாரைத் தாண்டிய கஞ்சிக்கோட்டில், அதிரும் சல்லடைகள் செய்யும் பட்டறையில் நான் வடிவமைப்பாளர். பொள்ளாச்சிப் பக்கத்து கிரஷர் ஒன்றிலிருந்து வந்த சல்லடையில், குறுக்குக் குழாய் பக்கத்தகட்டோடு சேரும் இடத்தில் விரிசல். அடைத்து வெல்ட் வைத்தும் அதே இடத்தில் மறுபடி விட்டிருந்தது.

புதிதாகச் சேர்ந்த பாலக்காட்டுத் தம்பி கணினியில் தகைவு (சதுர மி.மீ.க்கு விழும் விசை) பார்த்தார். கணக்குக்காகத் தகட்டைக் கூறுபோடும் மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்க விளிம்பில் எண் ஏறிக்கொண்டே போனது. கூர்மூலையில் அது எங்கும் நிற்காது. அந்த எண்ணை நம்பவே கூடாது. தகட்டின் தடிமன் 10 மி.மீ. ஆகவே விளிம்பிலிருந்து 4 மி.மீ., 10 மி.மீ. தள்ளி இரண்டு இடங்களில் தகைவை எடுத்து, முதலாவதை 1.67 ஆல் பெருக்கி, இரண்டாவதை 0.67 ஆல் பெருக்கிக் கழிக்கச் சொன்னேன். பன்னாட்டு வெல்டிங் நிறுவனத்தின் முறை அது. பாரம் தாங்கும் ஃபில்லட் வெல்டுக்கு (மூலையில் நிரப்பி வைக்கும் வெல்ட்) அதன் வகை எண் 90: அதாவது பாரம் 20 லட்சம் சுற்று ஏறி இறங்கினால் தாங்கும் தகைவு 90 மெகாபாஸ்கல். அதுவும் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் இடையிலான முழு வீச்சு. தம்பி ஒரு பக்கத்து உச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்.

சல்லடையின் ஒவ்வொரு சுற்றும் ஒரு பாரச் சுற்று. நிமிடத்துக்கு 900 சுற்று ஓடும் சல்லடைக்கு 20 லட்சம் என்பது 37 மணி நேரம்! 1 கோடியும் 185 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அந்த அளவில் தாங்கும் வீச்சு ஏறக்குறைய 53 மெகாபாஸ்கல்தான். எங்கள் கணக்கு அதைத் தாண்டி நின்றது.

வெல்டிங் மேஸ்திரி விளிம்பில் நகத்தை ஓட்டினார். நகம் ஓரிடத்தில் சிக்கியது. "இந்தக் குழி கணினிக்குத் தெரியுமா தம்பி?" என்றார். ஞாயமான கேள்வி. சாதாரண வெல்டின் குறைகள் அந்த 90க்குள் அடக்கம். இவ்வளவு ஆழமான அண்டர்கட், அதாவது விளிம்போரம் தகடு உருகி விழுந்த குழி, அடங்காது. வெல்டின் அடிவேரிலிருந்து கிளம்பும் விரிசலையும் இந்த முறை காட்டாது, அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

விளிம்பை அரைத்துவிட்டால் வலிமை 1.3 மடங்கு ஆகும் என்று கணக்கிடலாம். இங்கே அது போதவில்லை. பக்கத்தகட்டில் வெல்டே வேண்டாம் என்று, குழாயின் முனையில் ஃபிளாஞ்ச் (துளையிட்ட தட்டு) வைத்து போல்ட்டால் பிடித்தோம். விலையைக் கேட்ட முதலாளி முகம் சுளித்தார். இருந்தாலும் அடுத்த சல்லடைக்கும் போல்ட்டே கேட்டிருக்கிறார்.