நாணேகாட் பழைய பாதையில் அப்பாவுடன் நடக்கலாமா?

வணக்கம், மும்பை நண்பர்களே. செம்பூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 64 வயது, தினமும் நடப்பவர். ஆனால் படி, ஏற்றம் என்றால் மூட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள நாணேகாட் கணவாய்க்குப் போக வேண்டும் என்று ஒரு மாதமாக ஒரே பேச்சு.

கல்யாண், சோபாரா என்ற பழைய துறைமுகங்கள் பக்கத்திலிருந்து மலைக்கு மேலே உள்ள ஜுன்னருக்குச் சரக்கு ஏறிய சாதவாகனர் காலத்து வழி அது. மேலே குகையில் நாகனிகா அரசியின் பிராமிக் கல்வெட்டு, அதில் பழைய எண் குறியீடுகள். சுங்கக் காசு போட்டதாகச் சொல்லப்படும் பெரிய கல் தொட்டியும் உண்டு. மராத்தியில் 'நாணே' என்றால் காசு. நம் நாணயம்தான் என்று அப்பாவுக்கு ஏகப்பட்ட பெருமை!

கல்யாணிலிருந்து முர்பாட் வழியாக அடிவாரத்து ஊரான வைசாக்கரே வரை எஸ்டி (அரசு) பஸ்ஸில் போக எண்ணம். காலையில் எத்தனை மணி பஸ்ஸைப் பிடித்தால் நிதானமாக ஏறி, இருட்டுவதற்குள் இறங்கலாம்? மழை விட்டதும் கல் வழுக்குமா, நவம்பர் வரை பொறுக்கலாமா? அப்பா வயதுக்காரர்களோடு போனவர்கள் சொன்னால் நல்லது. நான்கு மணி நேரத்தில் ஏறி இறங்கிய சூரர்கள் மன்னிக்கவும், நாங்கள் பாதி வழியில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடும் கட்சி. அப்புறம், ஜுன்னர் பக்கமாக வண்டியிலேயே மேலே போய், இறக்கம் மட்டும் நடந்தால் மூட்டுக்கு அது இன்னும் மோசமா?