காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்த பிறகு அம்மாவுக்குத் தலைசுற்றல், உதவி தேவை

வைகைக்கரை: அம்மாவுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேட்க உள்காதில் பொருத்தும் கருவி) வைத்தோம். தலைசுற்றல் நிற்கவே இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். டாக்டர் "சரியாகிவிடும்" என்கிறார், அவ்வளவுதான். யாருக்காவது இப்படி இருந்ததா? அவசரம்.

தென்றல்82: எப்போது ஆபரேஷன்? வயது என்ன? கருவியை ஸ்விட்ச் ஆன் செய்தாயிற்றா? அறையே சுற்றுகிறதா, இல்லை தள்ளாட்டமா? இரண்டும் வேறு வேறு சகோ.

முத்துநகர்: கழுத்து எலும்புத் தேய்மானமாக இருக்கும். என் மாமாவுக்கும் இதேதான். எம்.ஆர்.ஐ எடுத்துப் பாருங்கள்.

செவிநலன்: உள்ளே காந்தம் இருப்பவருக்கா எம்.ஆர்.ஐ? படித்துவிட்டு ஆலோசனை சொல்லுங்கள். எத்தனை முறைதான் எழுதுவது! காக்ளியா என்ற கேட்கும் பகுதியிலும் அதை ஒட்டிய சமநிலை உறுப்பிலும் ஓடுவது ஒரே திரவம். இம்ப்ளான்டின் எலக்ட்ரோடை (மின் கம்பியை) காக்ளியாவில் நுழைக்கும்போது அந்தப் பகுதியும் பாதிக்கப்படலாம். சில நாட்கள், சில வாரங்கள் தலைசுற்றல் இருப்பது வழக்கம்தான்.

முத்துநகர்: புது மாடல்களில் காந்தத்தை எடுக்காமலே எம்.ஆர்.ஐ எடுக்கிறார்கள் சார்.

செவிநலன்: இம்ப்ளான்ட் மாடலும் எம்.ஆர்.ஐ-யின் டெஸ்லா அளவும் (காந்த வலிமை) பார்த்த பிறகு. மாடல் தெரியுமா உங்களுக்கு?

கருவேலம்: அந்தச் சண்டை அப்புறம். எனக்கு இம்ப்ளான்ட் வைத்த பிறகு, படுக்கையில் புரண்டால் மட்டும் அறை சுற்றும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். உள்காதில் கால்சியம் துகள் இடம் மாறியிருக்கிறது என்றார்கள். எப்லி முறைப்படி தலையைத் திருப்பித் திருப்பிப் படுக்க வைத்ததும் போயிற்று.

வைகைக்கரை: வயது 64. போன மாதக் கடைசியில் ஆபரேஷன், நேற்று ஸ்விட்ச் ஆன். சுற்றவில்லை, தள்ளாட்டம்தான். ராத்திரி பாத்ரூம் போகும்போது ரொம்ப மோசம். தலைசுற்றலுக்கான ஸ்டெமெடில் மாத்திரை இன்னும் கொடுக்கிறோம்.

தென்றல்82: இருட்டில் கண்ணின் துணை கிடைக்காது, அதனால்தான். விளக்குப் போட்டு வையுங்கள், கூடவே போங்கள். ஸ்டெமெடில் ஆரம்ப நாட்களுக்குத்தான். நீட்டினால் மூளை பழகிக்கொள்வது தள்ளிப்போகும், டாக்டரிடம் கேளுங்கள். சமநிலைப் பயிற்சி தரும் பிசியோவைப் பாருங்கள். ஒரு புள்ளியைப் பார்த்தபடி தலையைத் திருப்பும் பயிற்சி உண்டு. காதுக்கு வெளியே மாட்டும் பிராசசரைக் கழற்றினால் தள்ளாட்டம் மாறுகிறதா என்றும் கவனியுங்கள். காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, மூக்கில் தெளிந்த நீர் ஒழுகுவது, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மூளைக்காய்ச்சலாகவோ மூளைத் திரவக் கசிவாகவோ இருக்கலாம். மூளைக்காய்ச்சலைத் தடுக்க நிமோகாக்கல் தடுப்பூசி போட்டாயிற்றா?

வைகைக்கரை: ஆபரேஷனுக்கு முன்பே போட்டாயிற்று. காய்ச்சல் இல்லை. மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை பிசியோ. நன்றி.

கருவேலம்: நல்லது. ஒரு வாரம் கழித்து எப்படி இருக்கிறார் என்று எழுதுங்கள்.

பொன்னி: கோவையில் இந்தப் பயிற்சி தரும் பிசியோ யாராவது தெரியுமா? என் அண்ணனுக்கும் இதே தள்ளாட்டம்.