கார் ஆம்ப்ல கெய்ன் குறைச்சாலும் பாட்டுல கரகரப்பு போகல, உதவுங்க

தக்கலையில இருந்து எழுதுறேன். 2014 ஸ்விஃப்ட், 4 சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), முன்னால 4 ஓம், 50 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்குற பவர்) ஸ்பீக்கர் ரெண்டு. மாட்டி ஒரு மாசம். ஹெட் யூனிட் (டேஷ்போர்டுல இருக்குற ஸ்டீரியோ) வால்யூம் மொத்தம் 40-ல 25 தாண்டினா பாடுற குரல் கரகரங்குது. அப்பா ஆசையா கேக்குற பழைய பாட்டெல்லாம் பாழாகுது, அதான் மனசு கேக்கல.

ஆம்ப்ல இருந்து எவ்வளவு வோல்ட் வரணும்னு கணக்கு போட்டேன்: 50 வாட்ஸை 4 ஓமால பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா 14.1 வோல்ட். ஸ்பீக்கர் வயரைக் கழட்டி, 1000 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, வால்யூம் 30-ல மல்டிமீட்டர்ல பார்த்து அந்த அளவுக்கே கெய்ன் (உள்ள வர்ற சிக்னலை ஆம்ப் எவ்வளவு பெருக்கணும்ங்குற செட்டிங்) வச்சேன். பேஸ் பூஸ்ட் ஆஃப். எர்த் வயரும் பெயிண்ட் சுரண்டி மாத்திட்டேன். கெய்னை இன்னும் இறக்கினா சத்தம்தான் குறையுது, கரகரப்பு அதே 25-லதான் தொடங்குது. ஹெட் யூனிட்தான் கிளிப் ஆகுதோன்னு (சிக்னல் அளவு மீறி அலையோட உச்சி வெட்டுப்படுதோன்னு) சந்தேகம்.

ஆசிலாஸ்கோப் (அலை வடிவத்தைத் திரையில காட்டுற கருவி) இல்லாம, ஹெட் யூனிட் எந்த வால்யூம்ல கிளிப் ஆகுதுன்னு உறுதியா எப்படிக் கண்டுபிடிக்கிறது?