நங்கநல்லூர் வீடு: தில்லி வண்டி வரும் வழி

வெள்ளிக்கிழமை

அண்ணன், 11.20: தில்லி ஷோரூமில் பிஎம்டபிள்யூ இசட்4 காரை எடுத்துவிட்டேன். தற்காலிகப் பதிவு, காப்பீடு, பாஸ்டேக் எல்லாம் சரிபார்த்தாயிற்று. படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

அம்மா, 11.22: நிறம் கண்ணை நிறைக்கிறது கண்ணா. திருஷ்டி படாமல் வந்து சேர வேண்டும். சாப்பிட்டாயா?

அத்தை, 11.25: நம்பர் பலகை ஏன் மஞ்சளாக இருக்கிறது? வாடகை வண்டி என்று பதிந்துவிட்டார்களா?

அண்ணன், 11.27: இல்லை அத்தை. வாடகை வண்டிக்கு மஞ்சளில் கறுப்பு எழுத்து. தற்காலிகப் பதிவுக்கு மஞ்சளில் சிவப்பு எழுத்து. சென்னையில் வரி கட்டிப் பதிந்த பிறகு வெள்ளைப் பலகை வந்துவிடும்.

அப்பா, 11.31: அந்த வரியையும் கணக்கில் வைத்துக்கொள். 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 20 சதவீதம். நான் இப்போதும் சொல்கிறேன், வண்டியை லாரியில் ஏற்றிவிட்டு நீ விமானத்தில் வந்துவிடு. ஜனவரியில் வடக்கே சாலை வழியாக வருவது வேண்டாத வேலை.

அண்ணன், 11.40: அப்பா, லாரியில் ஏற்றினால் வண்டி வந்து சேரும், பழகி வராது. கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். முதல் 2,000 கிலோமீட்டர் வரை இன்ஜின் நிமிடத்துக்கு 4,500 சுற்றைத் தாண்டக் கூடாது, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தக் கூடாது. புது டயர் 300 கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் சாலையை முழுப்பிடியாகப் பிடிக்கும். பிரேக் டிஸ்க்கும் பேடும் ஒன்றோடொன்று படிய 500 கிலோமீட்டர் ஆகும். கிண்டி நெரிசலில் முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஓட்டி 2,000-ஐ முடிக்க மாதக்கணக்காகும். இன்ஜினுக்கும் அது நல்லதல்ல. இங்கிருந்து வீட்டுக்கு ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். ஏற்றமும் இறக்கமும் சமவெளியும் மாறி மாறி வரும் சாலை. புது வண்டிக்கு இதைவிட நல்ல முதல் பயணம் கிடைக்காது.

மாமா, 11.46: பிஎம்டபிள்யூவுக்கு செங்கல்பட்டுப் பக்கத்திலேயே தொழிற்சாலை இருக்கிறதே. தில்லிக்கு ஏன் போனாய்?

அண்ணன், 11.50: இசட்4 அங்கே தயாராவதில்லை மாமா. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்தில் செய்து முழு வண்டியாகவே இறக்குமதி செய்கிறார்கள். மாடலையே நிறுத்தப்போகிறார்கள். கையால் கியர் போடும் வகையில் நான் கேட்ட நிறம் தில்லியில்தான் இருந்தது. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், 340 குதிரைத்திறன். இப்படி ஒன்றை வாங்க வேண்டும் என்று கல்லூரி நாளிலிருந்து ஆசைப்பட்டேன்.

சித்தப்பா, 12.02: தம்பி, நாமக்கல் லாரியில் தில்லி லைன் ஓட்டியவன் என்ற முறையில் சில விஷயம் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

மூடுபனியில் பிரைட் லைட் போடாதே. பனித்துளியில் பட்டு வெளிச்சம் உன் கண்ணுக்கே திரும்பும், வெள்ளைச் சுவர்தான் தெரியும். டிம் லைட்டும் கீழே இருக்கும் பனி விளக்கும் போதும். முன்னே போகும் லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு போகாதே. அவன் சாலையை விட்டு இறங்கினால் நீயும் இறங்குவாய். சாலையோர வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் போ. ஓடும்போது நான்கு பக்க இண்டிகேட்டரையும் போடாதே, நிற்கும் வண்டி என்று பின்னால் வருகிறவன் நினைப்பான்.

உன் வண்டி தரையோடு தரையாக இருக்கிறது. லாரி ஓட்டுகிறவன் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய பக்கக் கண்ணாடியில் அவன் முகம் உனக்குத் தெரிந்த பிறகு முன்னே போ. அவன் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் நீ அவனுக்குத் தெரியவே மாட்டாய்.

இது கரும்பு வெட்டும் காலம். டிராக்டரில் இரண்டு பக்கமும் பிதுங்கும்படி கரும்பு ஏற்றி, பின்விளக்கே இல்லாமல் வருவார்கள். எனக்கு மூடுபனியைவிட அந்தக் கரும்பு டிராக்டர்தான் பயம்.

அண்ணன், 12.06: வரிக்கு வரி மனத்தில் வைத்துக்கொள்கிறேன் சித்தப்பா. இப்போது கிளம்புகிறேன். ஓட்டும்போது கைபேசியைத் தொடமாட்டேன், நிறுத்தும் இடத்தில்தான் பதில் போடுவேன்.

நான், 12.10: யமுனா விரைவுச்சாலையில் குளிர்காலத்துக்காக வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். டிசம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை காருக்கு 100 இல்லை, 75 தான். 165 கிலோமீட்டர் முழுவதும் அதே கணக்கு.

அண்ணன், 17.35: ஆக்ரா வந்துவிட்டேன். 75-ஐத் தாண்டவில்லை. வெயில் சாய்ந்ததும் வயல் மேல் வெள்ளையாகப் படர ஆரம்பித்துவிட்டது, அதனால் இன்று இவ்வளவுதான். விடுதியில் மூடிய வாகன நிறுத்துமிடம் இருக்கிறது. இன்ஜின் சத்தம் எவ்வளவு மென்மை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். 3,000 சுற்றுக்கு மேல் ஒரு கனத்த குரல் வருகிறது, அங்கே போனதும் கியரை மாற்றிவிடுகிறேன்.

சனிக்கிழமை

அண்ணன், 6.50: சன்னலைத் திறந்தால் எதிர்ச் சாரி மரம் தெரியவில்லை. வெப்பநிலை 6 டிகிரி.

நான், 6.58: வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையில் ஆக்ரா, குவாலியர் இரண்டுமே இருக்கின்றன. பார்வைத் தூரம் 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர்ந்த மூடுபனி, 50 மீட்டருக்கும் கீழே என்றால் மிக அடர்ந்தது. அவசரப்படாதே அண்ணா.

அப்பா, 7.15: காற்று அசையாமல், வானம் தெளிவாக இருக்கும் இரவில் தரை தன் வெப்பத்தை மேலே விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகும். கங்கைச் சமவெளியில் பாய்ச்சிய வயல் ஈரம் வேறு இருக்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, ஈரம் துளியாகித் தொங்கும். வெயில் தரையைச் சூடாக்கினால்தான் கலையும். பத்து மணிக்கு முன் சாவியைத் தொடாதே.

அண்ணன், 7.40: கீழே போய்ப் பார்த்தேன். டயர் காற்று ஏறக்குறைய இரண்டரை பிஎஸ்ஐ குறைந்திருப்பதாகத் திரை காட்டுகிறது. நான்கு சக்கரத்திலும் ஒரே அளவு குறைவு. பஞ்சராக இருக்குமா?

சித்தப்பா, 7.44: நான்கும் ஒரே அளவு இறங்கியிருந்தால் பஞ்சர் இல்லை, குளிர்தான். ஐந்தாறு டிகிரி குறைந்தால் ஒரு பிஎஸ்ஐ இறங்கும். நேற்று உச்சி வெயிலில் நிரப்பிய காற்று அது. கதவோர அட்டையில் இருக்கும் அளவு குளிர்ந்த டயருக்கானது. அதற்குக் கீழே இருந்தால் ஏற்றிக்கொள். தெற்கே வர வரக் கூடும், அங்கே ஒரு காலைப்பொழுதில் பார்த்துக் குறைத்துவிடு.

அப்பா, 7.52: காற்று மட்டும் இல்லை, ரப்பரையும் பார். உன் டயர் கோடைக்கான டயர். 7 டிகிரிக்குக் கீழே அந்த ரப்பர் விறைத்துவிடும். பனி இறங்கிய சாலையும் ஈரம். இழுவை முழுவதும் பின்சக்கரத்துக்குப் போகும் வண்டியில் முதல் பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஆக்சிலரேட்டரை முட்டை மேல் கால் வைப்பதுபோல வை.

அம்மா, 7.55: சூடாகச் சாப்பிடு. மப்ளரைக் கழற்றாதே.

அண்ணன், 9.30: இன்னும் கலையவில்லை. விடுதி வாசலில் மூட்டிய கணப்பைச் சுற்றி லாரி ஓட்டுநர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் எனக்கும் இடம் விட்டார்கள். ஒருவர் கோயம்புத்தூருக்கு லோடு கொண்டுபோகிறார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதில் சாமான் எங்கே வைப்பாய்?" என்று கேட்டார். பின்பெட்டியைத் திறந்து காட்டினேன். இரண்டு பெட்டி, ஒரு பை, அதோடு சரி. அவரும் அப்பா சொன்னதையே சொன்னார்: வெயில் தரையில் விழும்வரை டீ குடி.

அண்ணன், 10.45: வெயில் விழுந்துவிட்டது. கிளம்புகிறேன்.

அண்ணன், 13.10: தோல்பூர் தாண்டி சம்பல் ஆற்றைக் கடந்தேன். பாலத்துக்கு இரண்டு பக்கமும் மண்ணை நகத்தால் கீறிவிட்ட மாதிரி பள்ளத்தாக்குகள். இப்போது மத்தியப் பிரதேசம். வானம் நீலம்.

அண்ணன், 20.20: குவாலியர், ஜான்சி, லலித்பூர் தாண்டி சாகர் வந்து சேர்ந்தேன். இருட்டிய பிறகு மெதுவாகத்தான் வந்தேன். தூங்கப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

அண்ணன், 11.30: பர்மான் அருகே நர்மதை. ஓரமாக நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிக் காலை நனைத்தேன். அம்மாவுக்குக் குப்பியில் தண்ணீர் பிடித்திருக்கிறேன்.

அம்மா, 11.33: கண்ணா, இதைக் கேட்டதே போதும்.

அத்தை, 11.36: யமுனை, நர்மதை ஆயிற்று. இனி கோதாவரி. ஒவ்வொன்றையும் கடக்கும்போது ஒரு நாணயம் போடு.

அண்ணன், 13.00: கரேலி. வழியெங்கும் கரும்பு, ஆலைக்கொட்டகைப் புகை, வெல்லம் காய்ச்சும் வாசனை. சித்தப்பா சொன்ன டிராக்டர்களும் வரிசையாகப் போகின்றன. நல்ல வேளை, பட்டப்பகல். நரசிங்கபூர் மாவட்டத்து வெல்லம் பெயர்பெற்றது என்று கடைக்காரர் ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தார். கறுத்த பழுப்பு, உள்ளே மணல் மணலாக இருக்கிறது, வாயில் போட்டதும் கரைகிறது. பொங்கலுக்கு ஐந்து கிலோ வாங்கிவிட்டேன். பின்பெட்டியில் இடமில்லை, பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட் போட்டிருக்கிறேன்.

அம்மா, 13.04: இந்த ஆண்டு சர்க்கரைப் பொங்கல் அந்த வெல்லத்தில்தான்.

அண்ணன், 18.40: நாக்பூர். சிவனியிலிருந்து வந்த வழியைச் சொல்ல வேண்டும். பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் காட்டைக் கடக்கும் இடத்தில் நெடுஞ்சாலையையே தூண் மேல் தூக்கிவிட்டிருக்கிறார்கள். வண்டி மேலே போகிறது, புலியும் மானும் கீழே கடக்கின்றன. கீழே வைத்த கேமராக்களில் புலிகள் பதிவாகியிருக்கின்றன. தேக்கு இலை காய்ந்து நிற்கிறது. எனக்கு ஒன்றும் தென்படவில்லை. ஆனால் அந்த மேம்பாலத்தில் மூன்றாவது கியரில், சன்னலை இறக்கிவிட்டு, நிதானமாக வந்தேனே, அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே இந்த வழியைத் தேர்ந்தெடுத்தது சரி என்று தோன்றியது. லாரியில் ஏற்றியிருந்தால் வண்டிக்கு 2,000 கிலோமீட்டர் கிடைத்திருக்காது, எனக்கும் இது கிடைத்திருக்காது.

அப்பா, 18.55: நல்லது. ஒரே வேகத்தில் வெகுநேரம் ஓட்டாதே, சுற்றை ஏற்றி இறக்கிக்கொண்டே வா. பழக்கும் காலத்தில் அது முக்கியம்.

நான், 18.57: அப்பா, இரண்டு நாளுக்கு முன்பு லாரியில் ஏற்றச் சொன்னவர் நீங்கள்தானே!

அப்பா, 18.59: கையேட்டை இணையத்தில் முழுவதும் படித்துவிட்டேன்.

திங்கட்கிழமை

அண்ணன், 14.15: அடிலாபாத் தாண்டினேன். 27 டிகிரி. முதல் முறையாகக் கூரையைத் திறந்தேன். பத்து விநாடியில் மடிந்து பின்னால் போய்விடுகிறது, 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டே திறக்கலாம். நிர்மல் மலை வளைவுகளில் மேலே வெறும் வானம். கோதாவரியில் நாணயம் போடுகிறேன் அத்தை.

சித்தப்பா, 14.20: காலையில் டயர் பார்த்தாயா?

அண்ணன், 14.24: பார்த்தேன். ஒன்றரை பிஎஸ்ஐ குறைத்துவிட்டேன்.

அண்ணன், 20.05: ஐதராபாத். நாளை பெங்களூர் வழியாக வரவில்லை. நார்கட்பள்ளி, அத்தங்கி வழியாக ஓங்கோல் போய்க் கடற்கரை நெடுஞ்சாலையைப் பிடிக்கிறேன். தூரம் குறைவு, இன்னும் 630 கிலோமீட்டர்.

செவ்வாய்க்கிழமை

அண்ணன், 14.50: நெல்லூர். 2,000 முடிந்தது! எண் மாறியதைப் பார்த்ததும் ஓரம் கட்டிவிட்டேன்.

மாமா, 14.52: இனி கட்டவிழ்த்து விடுவாயா?

அண்ணன், 14.56: இல்லை மாமா. 2,000 ஆனதும் உடனே மிதிக்கச் சொல்லவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொல்கிறார்கள். ஒரே ஒரு முறை, காலியான சாலையில் 5,000 வரை விட்டேன். அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது, நேரில் கேளுங்கள். வரம்பு 100 தான், அதற்குள்தான் வருகிறேன்.

அண்ணன், 16.10: சூலூர்ப்பேட்டை. தூரத்தில் பழவேற்காட்டு நீர்ப்பரப்பு. காற்றில் உப்பு வாசனை.

சித்தப்பா, 16.15: புழலில் பைபாஸ் பிடித்து மதுரவாயல் வழியாக வா. ஊருக்குள் நுழையாதே. நம் தெரு முனை வேகத்தடை உயரம் அதிகம், நேராக ஏறினால் வண்டியின் வயிறு உரசும். நான் வந்து நிற்கிறேன். குறுக்குக் கோணத்தில் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கு. வாசல் சரிவுக்கும் அதே முறைதான், பலகை இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

நான், 19.25: வண்டி வாசலில்! வேகத்தடையில் உரசவே இல்லை, சித்தப்பா கையைக் காட்டிக் காட்டி இறக்கிவிட்டார். முன்பக்கம் முழுவதும் பூச்சி, சக்கரத்தில் ஏழு மாநிலத்து மண். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இங்கேதான்.

சித்தப்பா, 20.40: நாளைக் காலை சென்ட்ரல் பக்கத்துப் பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் வண்டிக்குப் பூஜை. எலுமிச்சம்பழம், பூ, தேங்காய் வாங்கிவிட்டேன். பூசாரியிடம் மாலையைச் சின்னதாகக் கட்டச் சொல்லியிருக்கிறேன், முன்பக்கம் தாழ்வு. ஆர்டிஓ வேலைக்கு வியாழக்கிழமை போகலாம்.

அத்தை, 20.43: வண்டியில் இரண்டு பேர்தானே உட்கார முடியும்? யார் போவது?

அப்பா, 20.44: நான் போகிறேன். வழியில் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

அண்ணன், 20.46: அப்பா, முதல் சவாரி அம்மாவுக்கு. உங்களை ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை அழைத்துப்போகிறேன், 5,000 சுற்று வரை கேட்கலாம்.

அப்பா, 20.47: சரி. அப்படியானால் நாங்கள் எல்லாரும் நங்கநல்லூர் ரோடு நிலையத்தில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்கி வந்துவிடுகிறோம். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும்.

அம்மா, 20.50: நான் ஐந்தரைக்கே தயாராகிவிடுவேன். கூரையைத் திறந்துகொண்டு போக வேண்டும்.